தேன் ஸ்ட்ரா: வீட்டுக் கருவிகளால் நிரப்பி ஒட்டும் முறை

ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தேனை ஒரு ஸ்ட்ராவில் அடைத்து இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டால் அது தேன் ஸ்ட்ரா. அமெரிக்க உழவர் சந்தைகளில் தேன் விற்பவர் மேசையில் இது சாதாரணமாகக் கிடைக்கும். பிள்ளைகள் முனையைக் கடித்துத் திறந்து உறிஞ்சிக்கொண்டே நடப்பார்கள். நம் ஊர்க் கண்காட்சியிலோ பள்ளி விழாவிலோ தேனைச் சுவைக்கக் கொடுக்க இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை. கரண்டி வேண்டாம், கை பிசுபிசுக்காது, ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் தொட வேண்டியதில்லை.

இதற்கென்றே இயந்திரங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுபடியாகாது, தேவையும் இல்லை. மருந்துக் கடைச் சிரிஞ்சு, ஒரு துண்டு எவர்சில்வர் குழாய், தலைமுடியை நேராக்கும் கருவி ஆகியவற்றை வைத்தே ஒரு மாலைக்குள் ஒரு கிலோ தேனை ஸ்ட்ராக்களாக மாற்றிவிடலாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் தேனை உள்ளே ஏற்றுவது எப்படி என்றுதான் யோசிக்கிறார்கள். அது எளிது. ஒட்ட வேண்டிய இடத்தில் தேன் படாமல் காப்பதுதான் கடினம். அங்கே மெல்லிய படலமாகத் தேன் இருந்தாலும் பிளாஸ்டிக்கின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று உருகிச் சேராது. பார்வைக்கு ஒட்டியதுபோல் இருக்கும், மறுநாள் காலையில் கசிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் இரண்டு செ.மீ. நீளத்தை உலர்வாக வைத்திருப்பதே இந்த வேலையின் உயிர். கீழே சொல்லும் கருவிகளும் வேலை வரிசையும் அதற்காகவே அமைந்தவை.

எந்த ஸ்ட்ரா?

கடையில் கிடைக்கும் எந்த ஸ்ட்ராவையும் எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை வந்துவிட்டது. மத்திய விதியில், மக்கும் பிளாஸ்டிக்கால் செய்த பொருள்களுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. எனவே வாங்க வேண்டியது பிஎல்ஏ எனப்படும், மாவுச்சத்திலிருந்து தயாராகும் மக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா. தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அதன் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சந்தையில் அதிகாரி வந்து கேட்கும்போது வாய்ப்பேச்சு செல்லாது.

காகித ஸ்ட்ரா வேண்டாம். வெப்பத்தில் அது ஒட்டாது, தேனிலும் ஊறிப்போகும்.

பிஎல்ஏவுக்குச் சில குணங்கள் உண்டு. 55 முதல் 60 டிகிரியில் அது இளகி வளையத் தொடங்கும், ஆகவே சூடான தேனை ஊற்றக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுச் செல்லவும் கூடாது. சாதாரண பிளாஸ்டிக்கைவிட அது ஈரக்காற்றை அதிகமாக உள்ளே விடும். தேனோ ஈரத்தைத் தேடிப் பிடித்து இழுக்கும் பொருள். அதனால் தயாரான ஸ்ட்ராக்களைக் காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். மக்கும் என்று எழுதியிருப்பதால் தோட்டத்தில் வீசினால் மண்ணாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தொழில்முறை உரக் கூடத்தின் நீடித்த வெப்பத்தில்தான் அது ஒழுங்காக மக்கும்.

அளவு: வெளிவிட்டம் 6 மி.மீ., நீளம் 20 செ.மீ., வளையும் கழுத்து இல்லாத நேர் ஸ்ட்ரா. உள்விட்டம் ஏறக்குறைய 5.5 மி.மீ. இருக்கும். இரு முனைகளிலும் இரண்டு செ.மீ. விட்டு நிரப்பினால் ஒன்றில் 5 கிராமுக்குச் சற்று அதிகமாகத் தேன் பிடிக்கும். கருவியில் ஒட்டிக்கொள்வது போக, ஒரு கிலோவுக்கு 170 முதல் 180 ஸ்ட்ராக்கள் தேறும். நிறமில்லாத ஸ்ட்ராவே நல்லது. தேனின் நிறம் தெரியும், உள்ளே தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் தெரியும்.

ஸ்ட்ராவைக் கழுவ வேண்டாம். உள்ளே தங்கும் ஒரு சொட்டு நீரே தேனைப் புளிக்க வைக்கப் போதும். சீல் உடைக்காத கட்டாக வாங்குங்கள், வேலை தொடங்கும்போது பிரியுங்கள்.

தேன் தயாரா?

பாட்டிலில் சமாளித்துவிடும் தேன் ஸ்ட்ராவில் சமாளிக்காது. பாட்டில் தேன் லேசாகப் புளித்தால் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வெளியேறும், அவ்வளவுதான். ஸ்ட்ராவுக்குள் புளித்தால் வாயு போக வழியில்லாமல் குழல் உப்பும், ஒட்டிய இடம் விட்டுவிடும், பெட்டி முழுவதும் தேன் ஒழுகும். ஆகவே முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தர அளவுப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் இந்தியத் தேனீ சேர்க்கும் தேன், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பெரும்பாலும் இந்த அளவுக்கு மேல்தான் இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனின் பகுதி இது. அங்கே தேனைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்துப் பக்குவப்படுத்தும் வழக்கம் வந்ததற்குக் காரணமும் அதுவே. ஸ்ட்ராவுக்கு 18 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 17க்குக் கீழே என்றால் புளிக்கும் பயமே இல்லை. 20ஐ ஒட்டி நிற்கும் தேனை ஸ்ட்ராவில் அடைக்காமல் பாட்டிலில் விற்றுவிடுவது புத்திசாலித்தனம்.

ஈரத்தை அளக்கத் தேனுக்கென உள்ள ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். கரும்புச்சாறு, பழச்சாறு அளக்கும் கருவி பெரும்பாலும் 32 பிரிக்ஸோடு (பிரிக்ஸ் என்பது சர்க்கரை அளவைக் குறிக்கும் அலகு) நின்றுவிடும், தேனை அதில் வைத்தால் எதுவும் தெரியாது. 58 முதல் 90 பிரிக்ஸ் வரை காட்டும் கருவியைக் கேட்டு வாங்குங்கள். தேன் விற்பவர் வீட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

தேனை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டி, ஒரு நாள் முழுவதும் மூடி வைத்திருங்கள். மெழுகுத் துணுக்கும் காற்றுக் குமிழியும் மேலே வந்துவிடும். மேல் நுரையை ஒதுக்கிவிட்டுக் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பும்போது தேன் 35 முதல் 40 டிகிரி சூட்டில் இருந்தால் இளகி ஓடும். சித்திரை வைகாசியில் சூடாக்கவே தேவையில்லை, அறை வெப்பமே போதும். மற்ற மாதங்களில் தேன் பாத்திரத்தை 45 டிகிரி வெந்நீருக்குள் இறக்கி வையுங்கள், வெப்பமானியால் பாருங்கள். நேராக அடுப்பில் வைக்க வேண்டாம். சூடு ஏற ஏறத் தேனில் எச்எம்எஃப் என்ற பொருள் கூடும். ஆய்வகம் அதை அளந்து பார்க்கும், கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் போனால் தேன் தேறாது.

நிரப்பும் கருவி

மருந்துக் கடையில், மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய்க்கென 50 மில்லி சிரிஞ்சு விற்பார்கள். ஊசி மாட்டும் சின்ன முனைக்குப் பதிலாக அதில் நீண்ட கூம்பு முனை இருக்கும். புதியதாக இரண்டு வாங்குங்கள். ஸ்ட்ராவை நேராக இந்தக் கூம்பில் செருகி நிரப்பத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் கூம்பு ஸ்ட்ராவின் விளிம்பில் மட்டும்தான் தொட்டு நிற்கும். சுற்றியுள்ள இடைவெளியில் தேன் புகுந்து விளிம்புவரை நனைத்துவிடும். ஒட்ட வேண்டிய இடமே போய்விடும்.

எனவே கூம்புக்கு முன்னால் நேரான ஒரு மூக்கு வேண்டும். 5 மி.மீ. வெளிவிட்டமுள்ள எவர்சில்வர் குழாயில் ஐந்து செ.மீ. நீளம் வெட்டி, இரு முனைகளையும் அரத்தால் மழுங்க ராவி, நன்றாகக் கழுவுங்கள். ஸ்ட்ராவைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. உள்ளே வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. அதன் ஒரு முனையை உணவுத்தரச் சிலிகான் குழாய்த் துண்டால் சிரிஞ்சுடன் இணைத்துவிடுங்கள். மறு முனையிலிருந்து சரியாக இரண்டு செ.மீ. தள்ளி ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டுங்கள். ஸ்ட்ரா அந்த வளையத்தில் முட்டி நிற்கும். தேன் மூக்கின் நுனியிலிருந்துதான் வெளிவரும், அதற்குக் கீழே உள்ள இரண்டு செ.மீ. உலர்ந்தே இருக்கும். இந்த ஒரு வளையம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சிரிஞ்சில் தேனை முனை வழியாக உறிஞ்ச முயல வேண்டாம். கை வலிக்கும், காற்றும் சேர்ந்து வரும். தண்டை உருவி எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்துக்கொண்டு மேலிருந்து ஊற்றுங்கள். தண்டைச் செருகி, முனை மேலே இருக்கும்படி திருப்பி, காற்று மேலேறும்வரை பொறுத்திருந்து அதை வெளியேற்றுங்கள்.

இனி ஒவ்வொரு ஸ்ட்ராவுக்கும் இதுதான் வரிசை. மூக்கு மேல்நோக்கி இருக்க, ஸ்ட்ராவை வளையம்வரை செருகுங்கள். தண்டை மெதுவாக அழுத்தினால் தேன் கீழிருந்து மேலே ஏறும், காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், குமிழி விழாது. மேல்விளிம்புக்கு மூன்று செ.மீ. இருக்கும்போதே அழுத்துவதை நிறுத்துங்கள். தண்டின் நுனியில் அமுங்கியிருக்கும் ரப்பர் விரிந்து இன்னும் கொஞ்சம் தேனை ஏற்றிவிடும். பின்னால் ஓர் அட்டையை நிறுத்தி அதில் கோடு போட்டுக்கொண்டால் கண்ணளவு பிசகாது. உடனே தண்டை ஒரு நூலளவு பின்னுக்கு இழுத்து அழுத்தத்தைத் தணியுங்கள்.

இப்போது மேல்முனையை ஒட்டுங்கள். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன். ஒட்டியபின் சிரிஞ்சு, ஸ்ட்ரா இரண்டையும் சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து, தண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே, மூக்கை மெல்லத் திருகியபடி உருவி எடுங்கள். கவிழ்க்காமல் உருவினால் தேன் மூக்கோடு இறங்கி விளிம்பை நனைக்கும். நிமிர்த்தி நிரப்பு, கவிழ்த்து உருவு: இதை மட்டும் மறக்காதீர்கள். உருவிய ஸ்ட்ராவைத் திறந்த முனை மேலே இருக்கும்படி தாங்கியில் நிறுத்துங்கள். மூக்கின் நுனியை ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரு சிரிஞ்சுக்கு 12 ஸ்ட்ரா வரும்.

இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் செய்வதாக இருந்தால் சிரிஞ்சு சலித்துவிடும். அடியில் குழாய்த் திறப்பு வைத்த தேன் வாளியை உயரத்தில் நிறுத்தி, சிலிகான் ஹோஸ் வழியாகத் தேனைக் கீழே கொண்டுவரலாம். பம்பு எதுவும் வேண்டாம். வாளி மேசையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் தேனின் எடையே அதைத் தள்ளும், ஒரு ஸ்ட்ரா பத்து விநாடிக்குள் நிரம்பும். ஆனால் ஹோஸின் உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குழாயின் விட்டம் பாதியானால் தேன் ஓட்டம் பாதியாகக் குறைவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். மெல்லிய மீன்தொட்டிக் குழாயை மாட்டிவிட்டுத் தேன் வரவில்லையே என்று வாளியை உலுக்குபவர்கள் இதை நினைவில் கொள்க. மீன்தொட்டிக் குழாய் உணவுக்கானதும் அல்ல.

ஹோஸின் கீழ்முனையில் துளையிட்ட சிலிகான் அடைப்பானைச் செருகி, அதில் அதே 5 மி.மீ. எவர்சில்வர் மூக்கை மாட்டுங்கள். மூக்குக்குப் பத்து செ.மீ. பின்னால் ஒரு கவ்வி. நிரப்பும்போது கவ்விக்கும் மூக்குக்கும் நடுவே ஹோஸை விரலால் லேசாக நசுக்கிப் பிடித்திருங்கள். கவ்வியை மூடியதும் விரலை விட்டால் ஹோஸ் விரிந்து தேனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். சிரிஞ்சுத் தண்டை இழுப்பதன் வேலையை இது செய்துவிடும்.

ஒட்டுதல்

தேனைத் தொடுவதற்கு முன் வெற்று ஸ்ட்ராக்களில் பழகுங்கள். பத்திருபது வீணாகட்டும், பரவாயில்லை.

முதல் முனைக்கு எனக்குப் பிடித்த கருவி முடியை நேராக்கும் கருவிதான். வெப்ப அளவை மாற்றும் வசதி இருக்க வேண்டும். சமையலறை பட்டர் பேப்பரை மடித்து, அதற்கிடையே ஸ்ட்ராவின் நுனியை ஒரு செ.மீ. அளவுக்கு வைத்து, கருவியால் கவ்வி இரண்டு மூன்று விநாடி அழுத்துங்கள். கருவியை எடுத்தவுடன் பேப்பரோடு சேர்த்து விரலால் அழுத்தி ஐந்துவரை எண்ணுங்கள். ஒட்டு உறுதியாவது ஆறும்போதுதான். சூட்டோடு விட்டுவிட்டால் குழல் தன் வட்ட வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், ஒட்டு பிரியும். பிஎல்ஏவுக்குக் கருவியின் மிகக் குறைந்த சூட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு பாலிபுரொப்பிலீன் என்ற சாதாரண பிளாஸ்டிக் ஸ்ட்ரா பயன்படுத்துபவர்களுக்கு 165 டிகிரிக்கு மேல் தேவைப்படும்.

முடிக்குப் பயன்படுத்திய கருவியை இதற்கு எடுக்க வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஒட்டு பிடிக்காது, உணவுப் பொருள் என்பது இன்னொரு காரணம்.

மின்சாரக் கருவி இல்லாதவர்கள் இடுக்கியும் சுடரும் வைத்தே செய்யலாம். தட்டையான வாயுள்ள இடுக்கியால் நுனியை நசுக்கிப் பிடித்து, மூன்று மி.மீ. மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, அந்த விளிம்பைச் சுடரின் ஓரத்தில் காட்டினால் உருகி ஒரு மணிபோலத் திரளும். ஆறும்வரை இடுக்கியை விடக் கூடாது. மெழுகுவத்தி கரி பிடிக்கும், சாராய விளக்கு சுத்தம். இது உறுதியான ஒட்டுதான். ஆனால் நூறு ஸ்ட்ராவுக்கு மேல் பொறுமை தாங்காது.

இரண்டாவது முனைகளை மொத்தமாக ஒட்டலாம். பாலிதீன் பை ஒட்டும் எட்டு அங்குலக் கைச் சீலிங் மெஷின் பேக்கிங் பொருள் கடைகளில் கிடைக்கும். அதற்கு ஒரு மரத் தாங்கி செய்துகொள்ளுங்கள்: ஒரு பலகையில் ஒரே வரிசையாக 6.5 மி.மீ. துளைகள், ஸ்ட்ரா நழுவாமல் நிற்க அடியில் இன்னொரு பலகை. துளைகளின் மையத்துக்கு மையம் 12 மி.மீ. இருக்கட்டும். 6 மி.மீ. குழல் தட்டையானால் ஒன்பதரை மி.மீ. அகலத்துக்கு விரியும். நெருக்கமாகத் துளையிட்டால் பக்கத்து ஸ்ட்ராவின் மேல் ஏறி இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் கிழியும். இந்தக் கணக்கில் ஒரு முறைக்கு 16 ஸ்ட்ரா வைக்கலாம். மெஷினைத் தாங்கியின் உயரத்தில் பக்கவாட்டில் படுக்க வைத்து, முனைகள் வாய்க்குள் வரும்படி நகர்த்தி அழுத்துங்கள். விளக்கு அணைந்த பிறகும் மூன்று விநாடி கைப்பிடியைத் தூக்க வேண்டாம். மூன்று மி.மீ. தள்ளி இரண்டாவது கோடும் போட்டுவிடுங்கள்.

மின்சாரத்தில் சூடேறும் நிக்ரோம் கம்பியும் பழைய பேட்டரியும் வைத்துத் தாங்களே ஒட்டும் கருவி செய்பவர்கள் உண்டு. கைச் சீலிங் மெஷின் எளிதாகக் கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

ஒட்டு நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணே சொல்லும். நல்ல ஒட்டு ஒரே சீராகத் தெளிந்த கோடாகத் தெரியும். பால்போல் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருந்தால் சூடு போதவில்லை. குமிழ் விட்டு மெலிந்திருந்தால் சூடு அதிகம். பழுப்பு நிறம் தெரிந்தால் அங்கே தேன் இருந்து கருகியிருக்கிறது என்று பொருள். அதைத் திரும்ப ஒட்ட முயலாமல் வெட்டிக் கிண்ணத்தில் வடித்துவிடுங்கள்.

கசிவுச் சோதனை

ஆறிய ஸ்ட்ராவை நடுவில் பிடித்து இரு விரலால் நசுக்குங்கள். உள்ளே உள்ள காற்று இரண்டு முனைகளையும் தள்ளும், பலவீனமான ஒட்டு அங்கேயே பிசுபிசுக்கும். தேறியவற்றை வெளியே ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, செய்தித்தாளின் மேல் படுக்க வைத்து, மேலே ஒரு தடித்த புத்தகத்தை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் கறை தெரியும் இடத்தில் உள்ளதைக் கழித்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளையைக் கண்டுபிடிக்க எறும்பைவிடச் சிறந்த பரிசோதகர் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் நாலைந்தை எடுத்து, எறும்பு நடமாடும் இடத்தில் ஒரு தட்டில் வையுங்கள். வெளியே துடைத்தது சரியாக இருந்தால் எறும்பு கடந்து போய்விடும். ஒரு முனையில் மட்டும் மொய்த்தால் அந்த முனை ஒட்டவில்லை, அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி பாருங்கள்.

விற்பதும் வைப்பதும்

விற்பதாக இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். ஒற்றை ஸ்ட்ராவில் லேபிள் ஒட்ட இடமிருக்காது. இருபது ஸ்ட்ராவை ஒரு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் பெயர், நிகர எடை, பேக் செய்த தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், பதிவு எண், முகவரி எல்லாவற்றையும் அச்சிடுங்கள்.

இன்னொரு வரியையும் பெரிய எழுத்தில் போடுங்கள்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது, பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்குத் தேனால் சேனை வைக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில் இதை வாயாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரா கையடக்கமாக இருப்பதால், தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு அக்காள் ஒரு வாய் கொடுத்துவிடுவாள்.

பிஎல்ஏ சற்று நொறுங்கும் தன்மையுடையது. பல்லால் கடித்தால் கூரான சில்லு உடையலாம், கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறிவிடாமல் இருக்க, சிறு சிறு தொகுதியாகச் செய்து சில மாதங்களுக்குள் விற்றுத் தீர்ப்பதே நல்லது.

சில ஸ்ட்ராக்களில் தேன் உறைந்து வெள்ளையாகும். கெட்டுவிட்டதென்று வாங்கியவர் திருப்பிக்கொண்டு வருவார். கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்குள், தண்ணீரில் டப்பாவோடு மிதக்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும் என்று சொல்லிக் கொடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.